வலியன அல்ல, தக்கன



"வல்லவன் வாழ்வான், நலிந்தவன் வீழ்வான், இதுவே இயற்கையின் நியதி. இதைத்தான் டார்வின் கண்டுபிடித்தார்" என்று பட்டிமன்ற மேடைகளில் முழங்குவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பக்கத்துச் சிறு கடையை நசுக்கிவிட்ட பெரிய வியாபாரியும் இவ்வாக்கியத்தைத் துணைக்கு அழைக்கிறார். பரீட்சையில் பின்தங்கிய மகனை ஏசும் தந்தையும் இதையே சொல்லி ஏசுகிறார். மறுபுறம், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை, "மறைக்கல்வி வகுப்பில் கடவுள் படைத்தார் என்கிறார்கள். விஞ்ஞான வகுப்பில் உயிர்கள் பரிணமித்தன என்கிறார்கள். இரண்டில் எது உண்மை?" என்று வினவுகிறது. விடை கூற இயலாமல், "அதையெல்லாம் கேட்காதே" என்று வாயை அடைத்துவிடும் பெற்றோர் நம்மிடையே இல்லாமலில்லை.

இவ்விரு சங்கடங்களுக்கும் மருந்து ஒன்றே. பரிணாமக் கொள்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெளிவாக அறிந்துகொள்வதே அது. அதனை இம்மாதம் நாம் பார்ப்போம்.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள உச்சிப்புளியை வாசகர் பலர் அறிவர். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. இரு கடல்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலம் அது. டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இக்கரையின் தோட்டத்தையும் கிணற்றையும் கடலையும் கண் திறந்து பார்த்தாலே பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

விதைக்கென ஒதுக்கிய பழம்

முதலில் தோட்டத்திற்குச் செல்வோம். இராமநாதபுரம் சீமையின் முண்டு மிளகாயை அறியாத தமிழ்ச் சமையலறை குறைவு. உருண்டு திரண்ட அந்த மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் கப்பல் வழியாக நம் கரைக்கு வந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. இக்குறுகிய காலத்திற்குள் அது இந்த மண்ணின் பயிராகிவிட்டது எவ்வாறு?

உழவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஒரே வயலில் நின்றாலும் எல்லாச் செடியும் ஒன்று போல் இருப்பதில்லை. ஒன்று வறட்சியில் வாடுகிறது. மற்றொன்று தாங்கி நிற்கிறது. ஒன்றின் பழம் சிறுத்தது. மற்றொன்றின் பழம் திரண்டது. உழவர் தமக்குப் பிடித்த செடியின் பழத்தையே அடுத்த ஆண்டு விதைக்கென ஒதுக்குகிறார். அச்செடியின் குணம் விதை வழியாக அதன் வழித்தோன்றல்களுக்குச் செல்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படியே தொடர, வயல் முழுவதும் விரும்பிய குணமுள்ள செடிகளாகவே நிறைந்துவிடுகின்றன. எந்தத் தனிச் செடியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது வயலின் கூட்டமே. விதைக் கிடாயைத் தேர்ந்து மந்தையைப் பெருக்கும் இடையரும் இதையேதான் செய்கிறார்.

இதனைச் செயற்கைத் தேர்வு என்பர். டார்வினின் சிந்தனை இங்கேதான் தொடங்கிற்று. மனிதன் கை வைக்காத காட்டிலும் கடலிலும் விதைக்கென ஒதுக்குபவர் எவருமில்லை. ஆனால் அங்கேயும் மூன்று உண்மைகள் உள்ளன. ஓரினத்தின் உயிர்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன; இது முதலாவது. அவ்வேறுபாடுகளுள் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன, இது இரண்டாவது. பிறக்கும் உயிர்கள் அனைத்தும் பிழைத்து இனம் பெருக்குவதில்லை, இருக்கும் இடத்திற்கு ஏற்ற குணமுடையவை சராசரியாகச் சற்று அதிகமான குஞ்சுகளை விட்டுச் செல்கின்றன, இது மூன்றாவது. இம்மூன்றும் உள்ள இடத்தில், தலைமுறைகள் கடக்கக் கடக்க, ஏற்ற குணம் கூட்டத்தில் பெருகியே தீரும். இதற்கே இயற்கைத் தேர்வு என்று பெயர். 'தேர்வு' என்றதும் யாரோ ஒருவர் அமர்ந்து தேர்ந்தெடுப்பதாக எண்ணிவிடக் கூடாது. இது வட்டிக் கணக்குப் போன்றதொரு கணக்கு.

ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற மற்றோர் இயற்கையறிஞரும் தனித்து ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். இருவரின் கட்டுரைகளும் 1858 ஜூலை 1-ஆம் நாள் இலண்டனில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் டார்வினின் நூல் வெளிவந்தது. குணங்கள் பிள்ளைகளுக்கு எவ்வாறு செல்கின்றன என்பது மட்டும் டார்வினுக்குத் தெளியவில்லை. அதன் விதிகளைத் தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் கண்டறிந்து 1865-இல் அறிவித்தவர் கிரகோர் மெண்டல். அவர் அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி! 1900-ஆம் ஆண்டு வரை உலகம் அவர் சொல்லைக் கவனிக்கவில்லை. இன்று மரபணு பற்றிப் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் அவர் பெயரிலேயே தொடங்குகிறான்.

கொசுவுக்கு மருந்து பழகிற்றா?

அடுத்து, கிணற்றடிக்கு வருவோம். இராமேசுவரம் தீவும் அதனையடுத்த கரையும் மலேரியாவால் நெடுங்காலம் வருந்திய பகுதிகள். கிணறுகளிலும் தொட்டிகளிலும் தேங்கும் நல்ல நீரில் அனாபிலிஸ் கொசு முட்டையிடுகிறது. அதன் பெண் கொசுவே நோயைப் பரப்புகிறது. சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்று மதிப்பிடப்பட்டது. 1953-இல் அரசாங்கம் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. பலன் வியக்கத்தக்கதாயிருந்தது, 1961-இல் நோயாளிகளின் தொகை ஏறக்குறைய 50 ஆயிரமாகக் குறைந்தது. "மலேரியா ஒழிந்தது" என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் 1976-இல் அத்தொகை 64 இலட்சத்தையும் கடந்துவிட்டது!

பணப் பற்றாக்குறை, கண்காணிப்பில் தளர்ச்சி எனக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, டி.டி.டி.க்கு அஞ்சாத கொசுக்கள் பெருகியமை. 1950-களின் இறுதியிலேயே மேற்கு இந்தியாவில் அத்தகைய கொசுக்கள் தென்பட்டன.

"கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காரம் தின்று தின்று நாக்குக்குப் பழகுவது போலக் கொசுவுக்கும் மருந்து பழகிற்று என்பது இதன் பொருள். உண்மை அதுவன்று. மருந்து பட்ட சாதாரணக் கொசு பழகுவதற்கு அவகாசமின்றி இறந்துபோகிறது. இறந்த கொசு எதைப் பழகும்?

நடந்ததை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஓர் ஊரில் பத்தாயிரம் கொசுக்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மரபணுவில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால், அவற்றுள் ஒரு சிலவற்றின் உடலில் டி.டி.டி.யைச் சிதைக்கும் நொதி மிகுதியாகச் சுரக்கிறது. மருந்து வருமுன்னரே இக்கொசுக்கள் இருந்தன. மருந்து இல்லாத காலத்தில் அக்குணத்தால் அவற்றுக்கு யாதொரு பயனுமில்லை. மருந்து தெளிக்கப்பட்டதும் மற்றவை மடிகின்றன, இவை தப்புகின்றன. ஒரு பெண் கொசு ஒரு முறையில் நூறு, நூற்றைம்பது முட்டை இடும். இரண்டொரு வாரங்களில் அடுத்த தலைமுறை வந்துவிடும். தப்பியவற்றின் பிள்ளைகள் பெற்றோரின் குணத்தோடு பிறக்கின்றன. சில ஆண்டுகளில் ஊர்க் கொசுக்களில் பெரும்பாலானவை அக்குணமுடையவையாகிவிடுகின்றன.

உழவர் விதைக்குப் பழம் ஒதுக்கியது போலவே, டி.டி.டி. தன்னைத் தாங்கும் கொசுவை விதைக்கென ஒதுக்கிற்று. அக்கொசு மற்றக் கொசுக்களை விட வலியதன்று. அவற்றோடு போரிட்டு வென்றதுமன்று. மருந்து தெளித்த வீட்டிற்கு அது தக்கதாயிருந்தது, அவ்வளவே.

மருந்தை முழுமையாக உண்பது ஏன்?

இக்கணக்கு நம் வீட்டு அலமாரி வரைக்கும் வருகிறது. காசநோய்க்கு ஒரே சமயத்தில் பல மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்கின்றனர். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்ததும், "இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடும் நோயாளிகள் பலர். இவர்கள் செய்யும் பிழையின் அளவை ஒரு கணக்குக் காட்டும்.

நுரையீரலில் புண் குழி விழுந்த நோயாளியிடம் ஏறத்தாழ பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஐசோநயசிட் என்ற மருந்தைத் தாங்கும் கிருமி தற்செயலாகத் தோன்றுவது ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒன்று. ஆகவே அம்மருந்தை மட்டும் கொடுத்தால், தாங்கக்கூடிய கிருமிகள் நூறு வரை முன்னரே அங்கு இருக்கும். மற்றவை மடிந்த இடத்தில் இவை பெருகும். ரிபாம்பிசின் என்ற மருந்தைத் தாங்கும் கிருமி ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருங்கே தாங்கும் கிருமியோ நூறு இலட்சம் கோடியில் ஒன்று! அத்தனைக் கிருமிகள் ஒரு மனித உடலில் இல்லை. ஆகவேதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். எஞ்சி மறைந்திருக்கும் கிருமிகளும் அழியும் வரை கொடுக்கின்றனர். பாதியில் நிறுத்தினாலோ, ஒன்றை உண்டு ஒன்றை விட்டாலோ, தாங்கும் கிருமிகளை நாமே விதைக்கு ஒதுக்கியவர்களாவோம். அவை நம் பிள்ளைகளின் நெஞ்சில் சென்று முளைக்கும்.

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே மருந்துண்ணும் ஏழை நோயாளியும், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளியைப் போலவே குணமடைகிறார் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. ஒரே நிபந்தனை, மருந்தை விடாமல் உண்ண வேண்டும். வீட்டில் ஒருவர் அதைக் கவனித்துக்கொள்வது பெருந்தொண்டு.

ஓரிடத்தில் நன்மை, வேறிடத்தில் தீமை

மனிதரிடத்திலும் இயற்கைத் தேர்வு நிகழ்ந்திருக்கிறதா? நிகழ்ந்திருக்கிறது. அதன் சான்று நம் நீலகிரியில் உண்டு. 1952-இல் ஆராய்ச்சியாளர் இருவர், அம்மலைப் பழங்குடி மக்கள் சிலரின் குருதியில் அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைக் கண்டறிந்தனர். இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினை உண்டாக்கும் மரபணுவில் ஓர் எழுத்துப் போன்ற சிறு மாற்றமே இதற்குக் காரணம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற குழந்தை கடும் நோயால் துன்புறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அத்துடன், கடும் மலேரியாவிலிருந்து அக்குழந்தைக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். இவ்வுண்மையை 1954-இல் ஆந்தனி அலிசன் என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து வெளியிட்டார். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இம்மரபணு நிலைத்து நின்றது இதனாலேயே. மலேரியா இல்லாத குளிர்நாட்டில் அதே மரபணு வெறும் பாரமே.

வாசகர்களே, இம்மரபணு வலியதா, நலிந்ததா? இக்கேள்விக்கே பொருளில்லை. எங்கே என்று கேட்ட பின்னரே விடை கூற முடியும். 'சிறந்த குருதி', 'தாழ்ந்த குருதி' என்று மக்களைப் பிரிப்பவர்களுக்குப் பரிணாம விஞ்ஞானம் எவ்விதத் துணையும் தருவதில்லை.

தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிய தாய்

"கொசுவின் நொதி மாறலாம், குருதியணு மாறலாம். இச்சிறு மாற்றங்கள் சேர்ந்து ஓர் உயிரின் வடிவத்தையே மாற்றிவிடுமா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. விடையைத் தேடிக் கடலுக்குச் செல்வோம்.

உச்சிப்புளிக்கு இருமருங்கிலும் உள்ள கடல்களில் கடற்புல் வளரும் படுகைகள் உள்ளன. அங்கே மேய வருவது நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு. மூன்று மீட்டர் வரை நீளமும், நானூறு கிலோ எடையும் உடைய இப்பிராணி மீனன்று. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பாலூட்டுகிறது. அதன் பால்மடி முன் துடுப்புகளின் அடியில் இருக்கிறது. யானையின் மடியும் முன்னங்கால்களுக்கிடையேதான் அமைந்துள்ளது. ஆண் ஆவுளியாவுக்குச் சிறு தந்தங்களும் உண்டு. உடலமைப்பும் மரபணுவும் காட்டுவது யாதெனில், இன்றுள்ள தரைவாழ் விலங்குகளுள் ஆவுளியாவுக்கு மிக நெருங்கிய உறவுகளுள் யானையும் ஒன்று.

அதன் துடுப்பை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் உள்ளே ஐந்து விரல் எலும்புகளைக் கண்டனர். பின்னங்கால்கள் இல்லை, ஆனால் இடுப்பெலும்பின் மிச்சம் தசைக்குள் புதைந்து கிடக்கிறது. நடக்காத பிராணிக்கு இடுப்பெலும்பு எதற்கு? அதன் முன்னோர் நடந்தனர் என்பதே விடை. ஜமைக்கா தீவில் கிடைத்த ஒரு புதைபடிவம் இதை உறுதிசெய்தது. 2001-இல் விவரிக்கப்பட்ட அந்தப் பண்டைக் கடற்பசு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்கு உடலைத் தாங்கவல்ல நான்கு கால்களும் இருந்தன. நீரில் அமிழ்ந்து மேய உதவும் கனத்த விலா எலும்புகளும் இருந்தன. நம் நாட்டிலேயே குஜராத்தின் கச்சுப் பகுதியில் பழங்காலக் கடற்பசுக்களின் எலும்புகள் பல கிடைத்துள்ளன. சதுப்பு நிலத்தில் மேய்ந்த நாற்கால் பிராணி ஒன்றின் வழித்தோன்றல்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளில், தலைமுறைக்குத் தலைமுறை சிறிது சிறிதாக மாறி முழுக் கடல்வாழ் உயிராயின என்பதே இச்சான்றுகள் காட்டும் வரலாறு.

ஆவுளியாவிடம் நஞ்சில்லை, வேகமில்லை, சீற்றமில்லை. புல் தின்று வாழும் சாது. ஆயினும் அதன் குலம் 5 கோடி ஆண்டுகள் பிழைத்து வந்துள்ளது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வாழும் பாலனோகிளாசஸ் என்ற மென்புழுவைப் பாருங்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு அது பழகிய பெயர். சென்னை அருங்காட்சியகம் 1927-இல் இத்தீவின் கடலுயிர்களைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டது. எலும்பில்லாத அப்புழுவின் தொண்டையில் மீனைப் போன்ற செவுள் துளைகள் உள்ளன. முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் அதற்கும் தொலைவான உறவு உண்டு என்பதற்கு அவை அடையாளம். விரல் பட்டாலே அறுந்துபோகும் உடல்! பேருருவம் கொண்ட டைனோசர்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன. அவற்றுக்கு முன்பே தோன்றிய இம்மென்புழுவின் குலமோ மணலுக்குள் நிலைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பரிணாமத்தின் வேகம் மெதுவானது. அழிவின் வேகம் அப்படியன்று. ஆவுளியா மூன்று முதல் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனுகிறது. வலையில் சிக்கி மூச்சு முட்டி இறக்கும் ஒவ்வொரு தாயும் ஈடுசெய்ய இயலாத இழப்பு. கொசு இரண்டு வாரத்தில் தலைமுறை கடக்கிறது. ஆகவே நம் மருந்தைத் தாண்டி வருகிறது. ஆவுளியா நம் விசைப்படகையும் வலையையும் தாண்டி வர இயலாது. இந்தியக் கடல்களில் சில நூறு ஆவுளியாக்களே எஞ்சியுள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் கொல்வதைத் தடை செய்தது. 2022-இல் தமிழக அரசு பாக் நீரிணையில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டிலேயே முதலாவது கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் சரி என்று அறுத்துக் கடலில் விடும் மீனவர், 5 கோடி ஆண்டு வரலாற்றைக் காத்தவராவார்.

விசுவாசத்திற்கு இடறலா?

இனி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். "குரங்கா மனிதனாயிற்று?" என்ற ஏளனம் பழையது. இன்றைய குரங்கு எதுவும் மனிதனாகவில்லை, ஆகப் போவதுமில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான முன்னோர் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர் என்றே விஞ்ஞானம் கூறுகிறது. பெரியப்பா பிள்ளை நமக்குத் தந்தையாகான். ஆயினும் இருவருக்கும் பாட்டனார் ஒருவரே அன்றோ!

திருச்சபை இதை எவ்வாறு நோக்குகிறது? மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதற்குத் தடையில்லை என்றும், ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதே விசுவாசம் என்றும் 1950-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ் தம் சுற்றுமடலில் கற்பித்தார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் பாப்பிறை விஞ்ஞானக் கழகத்திற்கு எழுதினார். ஆதியாகமம் உயிரியல் பாடநூலன்று. அது உலகம் யாரால், எதற்காக உண்டாயிற்று என்பதைச் சொல்கிறது. எத்தனை ஆண்டுகளில், எம்முறையில் என்று ஆராய்வது விஞ்ஞானத்தின் வேலை. இயற்கையைப் பற்றி அறியாமல் பேசிவிட்டு அதற்கு வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கும் கிறிஸ்தவர்களை, புனித அகுஸ்தினார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டித்திருக்கிறார். ஆகவே பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம். இரண்டு வகுப்பிலும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது பரிணாமக் கொள்கையை அன்று; அதன் பெயரால் பரவிய பொய்யை. 'தக்கன பிழைத்தல்' என்ற பொருளுடைய தொடரை 1864-இல் ஆக்கியவர் டார்வின் அல்லர், ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தம் நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்டார். 'தக்கன' என்பதை 'வலியன' என்று திரித்தவர்கள், நலிந்தவர்கள் பிள்ளை பெறலாகாது என்று சட்டம் செய்தனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் அத்தகைய சட்டமொன்றை ஏற்றது. ஜெர்மனியில் 1933-இல் நாஜி அரசு கொணர்ந்த சட்டத்தால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கட்டாயமாக மலடாக்கப்பட்டனர். இக்கொடுமைக்கு எதிராக 1930-லேயே பாப்பரசர் 11-ஆம் பயஸ் திருமணம் பற்றிய சுற்றுமடலில் குரலெழுப்பினார்.

நலிந்தவரைத் தாங்குவது இயற்கைக்கு மாறானது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஈராக் நாட்டின் ஷானிதார் குகையில் 1957-இல் ஓர் ஆதிமனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த நியாண்டர்தால் இனத்தவன் அவன். வலக்கை சூம்பியிருந்தது, காலில் ஊனம், முகத்தில் பட்ட பழைய அடியால் ஒரு கண்ணில் பார்வையும் போயிருக்கலாம். இத்தனை காயங்களும் ஆறிய பின்னர் அவன் பல்லாண்டுகள் வாழ்ந்திருக்கிறான். உணவு கொடுத்துத் தாங்கிய கூட்டத்தார் இல்லாமல் அது நடந்திருக்குமா? இரக்கமும் கூட்டுறவும் மனித குலத்தின் பிழைப்புக்கே துணை நின்றவை என்று டார்வினே 1871-இல் எழுதியிருக்கிறார். நலிந்தவரைக் கைவிடுவது நம் இயல்பின் உயர்ந்த பகுதியைக் கெடுத்துக்கொள்வதாகும் என்பதும் அவர் கருத்தே.

ஆகவே மெதுவாகப் படிக்கும் பிள்ளை, உடல் ஊனமுற்ற உடன்பிறந்தார், படுக்கையில் கிடக்கும் பாட்டி ஆகியோரைக் காட்டி, "வல்லவன் வாழ்வான்" என்று யாரேனும் சொன்னால், அது விஞ்ஞானமும் அன்று, வேதமும் அன்று என்று துணிந்து கூறலாம்.

வீட்டில் எவரேனும் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைப் பாதியில் விட்டிருந்தால், தாங்களாக முடிவு செய்யாமல், இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் கொசு புகாதபடி மூடி வையுங்கள். விடுமுறையில் இராமேசுவரம் செல்வோர், உச்சிப்புளியைக் கடக்கையில் பிள்ளைகளுக்கு இருபுறமும் உள்ள கடலைப் பற்றிச் சொல்லி, ஆவுளியாவின் கதையையும் கூறுங்கள்.